சுவரைப் பார்த்த குடம்

அம்சாவை மைனர் ஆக்கியது நான்தான். சட்டம் ஆக்கியது, ஜட்ஜ் ஆக்கினார் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவனுக்கு அப்படிச் சொல்லத் தெரியாமல் போகுமா? ஆனால் அந்த மனுவை டைப் அடித்தது இந்தக் கைதான். அதனால் இந்தக் கதையை நான் சொல்வதே சரி.

1976 ஜூன் மாதக் கடைசி. செங்கல்பட்டில் வக்கீல் கோதண்டராமன் ஆபீசில் மேஜை முழுக்கக் கேஸ் கட்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எமர்ஜென்சி காலம். ஊரில் எல்லோரும் பத்து மணிக்கே ஆபீஸ் வந்து, வேலை செய்வது போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒல்லியாக, வெயிலில் கறுத்த ஒரு பெண் செருப்போடு உள்ளே வந்து ஒரு காகிதத்தை என் முன்னால் போட்டாள்.

“இங்க தாமோதரன்றது யாரு?”

“நான்தாம்மா. இன்னா விஷயம்?”

“இதுல மைனர் அம்சான்னு போட்டுக்கீது. யாரு மைனர்? எனக்குப் பத்தொம்போது முடிஞ்சு போச்சு. டெலிபோன் ஆபீஸ்ல போர்டுல உக்காந்து டிரங்க் கால் போட்டுக் குடுக்கறேன். கவர்மெண்டு வேலைல கீறவ எப்படி சார் மைனர் ஆவா?”

காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஜில்லா கோர்ட் நோட்டீஸ். மனுதாரர் கொக்கிலமேடு இருசப்பன், கோர்ட்டால் நியமிக்கப்பட்ட கார்டியன். எதிர்மனுதாரர் மைனர் அம்சா. கார்டியன் பாதுகாப்பிலிருந்து வெளியேறிவிட்ட மைனரைத் திரும்ப அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மனு. இருசப்பனை எனக்குத் தெரியும். இந்தப் பெண்ணையும் தெரியும், இவள் பாவாடை கட்டிக்கொண்டிருந்த காலத்தில்.

அது 1971. அப்போது நான் வேறொரு பெரிய வக்கீலிடம் இருந்தேன். அவர் இப்போது இல்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கிற கொக்கிலமேட்டுக் குப்பத்தில் தாண்டவராயன் என்று ஒருவர் ஐப்பசிப் புயலில் கட்டுமரத்தோடு போனவர் திரும்பவில்லை. அவர் மனைவி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்தாயிற்று. ஒரே பெண் அம்சாவைத் தாய்மாமன் இருசப்பன் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். தாண்டவராயன் பேரில் கடலோரமாகக் கொஞ்சம் சவுக்குத் தோப்பு இருந்தது. ஓட்டல் கட்டுகிறோம் என்று யாரோ மெட்ராஸ்காரர்கள் வந்து விலை கேட்டார்கள். மைனர் சொத்து, கோர்ட் நியமித்த கார்டியன் கையெழுத்து இல்லாமல் வாங்கமாட்டோம் என்றார்கள். இருசப்பன் எங்களிடம் வந்தார். மனு போட்டோம்.

அப்போது ஜட்ஜ் குழந்தையைக் கூப்பிட்டு விசாரிப்பார் என்பதால் வராந்தாவில் வைத்து நான்தான் அவளுக்குப் பாடம் சொன்னேன். “மாமா வூட்டுல இருக்கச் சம்மதமான்னு ஐயா கேப்பாரு. சம்மதம்னு கெட்டியா சொல்லு.” அவள் சொன்ன கெட்டியில் கோர்ட்டே சிரித்தது. அரை மணி நேரத்தில் இருசப்பன் கார்டியன். பிறகு ஓட்டல்காரர்கள் வரவே இல்லை. தோப்பு விற்கவும் இல்லை. காகிதம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அந்தக் காகிதத்தின் குணம் என்னவென்று இருசப்பனுக்குத் தெரியாது, அம்சாவுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. யாரும் கேட்கவில்லையே! எல்லோருக்கும் பதினெட்டில் மேஜர். ஆனால் பதினெட்டுக்கு முன்னால் கோர்ட் கார்டியன் போட்டுவிட்டால் அந்தப் பிள்ளைக்கு இருபத்தொன்று முடிந்தால்தான் மேஜர். அப்போது சட்டம் அப்படி.

இதை அம்சாவிடம் எப்படிச் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. சொன்னேன். எதிரே இருந்த பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தாள்.

“சம்மதம்னு சொல்லச் சொன்னது நீங்கதானே?” என்றாள். “வெத்தல போட்டுக்கினு, காதுல பென்சிலு சொருவிக்கினு இருந்தீங்க. பாத்தவுடனே தெரிஞ்சிது. உங்க பேரை விசாரிச்சுக்கினுதான் இங்கயே வந்தேன்.”

வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பக்கூட எழுந்திருக்க முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிறகு அவள் தன் கதையைச் சொன்னாள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டெலிபோன் வேலைக்கு எழுதிப்போட்டு, உத்தரவும் வந்துவிட்டது. மாமா வேண்டாம் என்றார். சர்டிபிகேட்படி ஜூன் ஒன்றாம் தேதி பதினெட்டு. அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து, 1975 ஜூன் இரண்டாம் தேதி காலையில் சர்டிபிகேட்டையும் ஒரு பித்தளைக் குடத்தையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். ராட்டினங்கிணறு பக்கம் சரோஜா டீச்சர் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை. மாமா மூன்று தடவை வந்து கூப்பிட்டார். மூன்று தடவையும் சர்டிபிகேட்டைக் காட்டி அனுப்பிவிட்டாள். நாலாவது தடவை அவர் வரவில்லை. கோர்ட் வாசலில் யாரோ ஒரு புண்ணியவான் இருபத்தொன்று கணக்கை அவருக்குச் சொல்லியிருக்கிறான்.

“கங்காதரனுக்கும் எனக்கும் ஆவணில தேதி பாத்துட்டாங்க சார். மாமா புள்ள. முறை மாப்பிள்ள. கெட்டவன் இல்ல, ஆனா எனக்கு வேணாம். ஆர்டர் வந்துச்சுன்னா என்னைக் கூட்டிக்கினு போயிடுவாங்க, இல்ல?”

“போயிடுவாங்கம்மா.”

“அப்பறம் வேல?”

வேலை வேண்டாம் என்று கார்டியன் சொல்லிவிட்டால் அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டியதுதான்.

கோதண்டராமன் கேசை எடுத்துக்கொண்டார். கோபக்காரர், ஆனால் வேலை தெரிந்தவர். ஜூலை பன்னிரண்டு, திங்கட்கிழமை விசாரணை.

“ஜட்ஜ் உன்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேப்பார். உன் விருப்பம் என்னன்னு கேக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. ஆனா கேக்கணும்னுதான் இருக்கு, அதும்படி செய்யணும்னு இல்ல. இவரு பழைய காலத்து மனுஷர். போன மாசம் ரெண்டு பொண்ணுங்களை வீட்டுக்கு அனுப்பிட்டார்.” கொஞ்ச நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். “இன்னொரு வழி இருக்கு. கல்யாணம் ஆயிட்டா கார்டியன் அதிகாரம் அன்னிக்கே போச்சு. உனக்குப் பிடிச்ச பையன் யாராவது இருந்தா...”

“இருபத்தொண்ணு ஆவறவரைக்கும் மாமா கார்டியன். கல்யாணம் பண்ணிக்கினா புருஷன் கார்டியன். ஒரு கூண்டுலேந்து இன்னொரு கூண்டுக்குப் போறதுக்கு எதுக்கு சார் இவ்ளோ செலவு?” என்றாள் அம்சா.

கோதண்டராமனை யாரும் அப்படி மடக்கி நான் பார்த்ததே இல்லை. அடுத்த கட்டைப் பிரித்தார்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அஃபிடவிட்டில் கையெழுத்து வாங்க அவள் அறைக்குப் போனேன். அதற்கு முன்பும் இரண்டு தடவை போயிருக்கிறேன். ஒரு பாய், ஒரு ஸ்டவ், கொடியில் இரண்டு புடவை, ஜன்னலில் ஒரு சின்னக் கண்ணாடி. கதவில் மட்டும் ஜெயிலுக்குப் போடுகிற மாதிரி பெரிய பூட்டு. அந்தப் பூட்டு பற்றி அவளுக்கு ஏகப் பெருமை. சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டுதான் டூட்டிக்குப் போவாள்.

மூலையில் குடம். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பாள். அதிலிருந்து எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு, மை வாங்கிவர டீச்சர் வீட்டுப் பக்கம் போனாள். தண்ணீரைக் குடித்துக்கொண்டே குடத்தைப் பார்த்தேன். பாத்திரத்தில் பேர் வெட்டியிருந்தால் பெண்கள் அந்தப் பக்கத்தை வெளியே தெரிகிற மாதிரி வைப்பார்கள். பிறந்த வீட்டுச் சீர், மாமன் வீட்டுச் சீர் என்று நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் வெட்டுவதே. இந்தக் குடத்தில் கழுத்தோரம் எழுத்தின் வால் மட்டும் தெரிந்தது. மீதி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்பு வந்தபோதும் அப்படித்தான் இருந்தது.

குமாஸ்தா புத்தி. பொட்டலம் கட்டிய காகிதத்தைக்கூடப் பிரித்துப் படிக்கிறவன் நான். குடத்தைத் திருப்பினேன்.

‘கொக்கிலமேடு வீ. இருசப்பன் தங்கச்சி மகள் அம்சாவுக்குக் காதுகுத்து 9-5-55.’

இரண்டாவது தடவை படித்தேன். அம்சாவின் சர்டிபிகேட்டை நானே எத்தனையோ தடவை நகல் அடித்திருக்கிறேன். பிறந்த தேதி 1-6-57. ஐம்பத்தேழில் பிறந்த பிள்ளைக்கு ஐம்பத்தைந்தில் எப்படிக் காது குத்துவார்கள்? அன்றைக்குத்தான் பிறந்தாள் என்று வைத்தால்கூட, இந்த மே மாதத்தோடு இருபத்தொன்று முடிந்தது. அவள் மேஜர். கேசே இல்லை!

மைக்கூட்டோடு உள்ளே வந்தவளிடம் கத்திவிட்டேன். “அம்சா, நீ மேஜரும்மா! இத பாரு, இதுலயே கீது!”

அவள் குடத்தைப் பார்க்கவில்லை. “திருப்பி வைங்க,” என்றாள்.

“நீ இதைப் படிச்சதே இல்லியா?”

“எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கினதே அதை வெச்சுத்தான் சார். எனக்குத் தெரியும்.”

அப்புறம்தான் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து சொன்னாள். குப்பத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது எப்போதாவது நினைப்பு வந்தால்தான். இவளைச் சேர்க்கும்போது எட்டு வயது. ஆனால் ஆள் பூஞ்சை. ஒண்ணாம் கிளாசுக்கு எட்டு என்று எழுத ஹெட்மாஸ்டருக்கு மனசு வரவில்லை. தலைக்கு மேலே கையைப் போட்டுக் காதைத் தொடச் சொன்னார், தொட்டாள். அஞ்சு என்று போட்டு, ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குப் போட்ட அதே ஜூன் ஒன்றாம் தேதியை இவளுக்கும் போட்டுவிட்டார். பிற்காலத்துக்கு நல்லது என்று தாண்டவராயனிடம் சொன்னாராம்.

“அந்தத் தேதியை வெச்சுத்தான் எனக்கு வேல குடுத்தாங்க. அந்தத் தேதிதான் சரின்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துக்கீறேன். பொய் சர்டிபிகேட்டுன்னு போன மாசம் ரெண்டு பேரை ஒரே நாள்ல வெளிய அனுப்பினாங்க. இப்ப இருக்கற கெடுபிடில யாரும் கேக்க முடியாது. கோர்ட்டுல குடத்தைக் காட்டினா நான் மேஜர். வேல போச்சு. வேல இல்லாம இந்த ரூம்ல எத்தினி நாளு இருப்பேன்?”

“காட்டலைன்னா ஆவணில கல்யாணம்மா.”

“ஜட்ஜ் என் பேச்சைக் கேட்டார்னா ரெண்டும் நிக்கும் இல்ல? வேலயும் நிக்கும், நானும் நிப்பேன். நான் நல்லா பேசுவேன் சார். நாள் முச்சூடும் பேசறதுதான் என் வேல.” குரல் இறங்கிவிட்டது. “இன்னொண்ணு. என் மாமாவைக் கூண்டுல நிக்க வெச்சு, அவர் குடுத்த சீரையே அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டணுமா? அம்மா செத்தப்பறம் எனக்கு அவர்தான் தல வாரி உட்டாரு. வக்கீல் சாருகிட்ட சொல்லாதீங்க. சத்தியம் பண்ணுங்க.”

சத்தியம் பண்ணினேன். சோறு போடுகிற வக்கீலுக்குத் துரோகம். அது தெரிந்துதான் பண்ணினேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவள் என்ன சொல்ல வேண்டும் என்று நான்தான் சொன்னேன். இந்தத் தடவையாவது அவள் சொல்வதை நான் கேட்கலாம் என்று நினைத்தேன். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன வந்தது உங்களுக்கு என்று என் மனைவி வசந்தா கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் மோரை மட்டும் ஊற்றிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை கோர்ட் வராந்தாவில் பாதிக் குப்பம் இருந்தது. முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்களாம். இருசப்பன் சலவைச் சட்டை போட்டிருந்தார். அகலமான தோள், துடுப்புப் போட்டுக் காய்த்த கை. பக்கத்தில் கங்காதரன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இருசப்பன் அம்சாவைப் பார்த்ததும் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

“கருவாடு. உனக்குப் புடிக்கும்னு அத்த குடுத்துச்சு.”

அவள் வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் எதிர் எதிர்க் கட்சி. யாராவது பார்த்தால் ஒரே பக்கம் என்றுதான் நினைப்பார்கள்.

காலையில் இருசப்பனின் சாட்சியம் முடிந்தது. ஊர் என்ன பேசுகிறது, வயசுப் பெண் டவுனில் தனியாக இருந்தால் என்ன ஆகும், அம்மா இல்லாத பிள்ளைக்கு மாமன் செய்ய வேண்டியது என்ன என்று நிதானமாகச் சொன்னார். பொய் எதுவும் இல்லை. அதுதான் எங்களுக்குக் கஷ்டம். பிறகு ஜட்ஜ் அம்சாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இருபது நிமிஷம். கதவுக்கு வெளியே நான் நின்ற நிற்பு எனக்குத்தான் தெரியும். உள்ளே நடந்ததை அவளே பிறகு சொன்னாள்.

மாமா அடித்தாரா என்று ஜட்ஜ் கேட்டிருக்கிறார். இல்லை என்றாள். சோறு போடவில்லையா? “நல்ல மீனை எனக்குத்தான் வெப்பாரு.” அப்புறம் ஏன் தனியாக இருக்க வேண்டும் என்கிறாய்?

“எங்க மாமா நல்லவரு சார். ஆனா நல்லவரு வூட்டுலயும் கேட்டுக்கினுதான் வெளிய போவணும். கடைக்குப் போவ கேக்கணும், படிக்க கேக்கணும், வேலைக்குப் போவ கேக்கணும். நான் யாரையும் கேக்காம வூட்டைப் பூட்டிக்கினு போய், யாரையும் கேக்காம தெறந்துக்கினு உள்ள வரணும். அவ்ளோதான்.”

ஜட்ஜ் சிரித்தாராம். நல்ல மாதிரியாகத்தான் சிரித்தாராம். “ரெண்டு வருஷம்தானேம்மா. மாமாவோட இரு. அப்புறம் உன் இஷ்டம். மத்தியானம் ஆர்டர் போடறேன்.”

அவள் வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு வருஷத்தில் அவள் கங்காதரன் பெண்டாட்டியாக, இடுப்பில் ஒரு பிள்ளையோடு இருப்பாள் என்பது வராந்தாவில் நின்ற எல்லோருக்கும் தெரியும். ஜட்ஜுக்கு மட்டும் தெரியவில்லை. எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

மணி ஒன்று பத்து. இரண்டு மணிக்குக் கோர்ட் மறுபடி கூடும். வேப்பமரத்தடியில் கருவாட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. சத்தியம் பண்ணியவன் நான்.

அவளாகவே ரவிக்கைக்குள்ளிருந்து சாவியை எடுத்து நீட்டினாள்.

“வேல?” என்றேன்.

“போவட்டும். வேற தேடிக்கறேன். சீக்கிரம் போங்க சார்.”

சைக்கிளை எடுத்தேன். நாற்பத்தைந்து வயசு, தொப்பை வேறு. ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி வாலே தெரியாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பெட்டியாக எண்ணினேன், நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. கேட் திறந்ததும் ஒரு மாட்டு வண்டிக்காரன் குறுக்கே வந்தான். அவனுக்கு நான் கொடுத்த திட்டை இங்கே எழுத முடியாது. அறையில் பூட்டு திறக்க மாட்டேன் என்றது. சாவியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டிருந்தேன். குடம் நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். அதை வாசலில் கவிழ்த்து, சைக்கிள் கேரியரில் கயிற்றால் கட்டிக்கொண்டு திரும்பினேன். கோர்ட் படியேறும்போது இரண்டே கால். ஜட்ஜ் ஆர்டரை எழுதச் சொல்ல வாயைத் திறந்துவிட்டார்.

கோதண்டராமன் காதில் இரண்டே வாக்கியம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு அர்த்தம், உன்னை அப்புறம் வைத்துக்கொள்கிறேன் என்பது. எழுந்து, மனுதாரரை மறுபடி கூண்டில் ஏற்றிச் சில கேள்விகள் கேட்க அனுமதி வேண்டும், எதிர்மனுதாரரின் வயதே தவறு என்றார். எதிர்க்கட்சி வக்கீல் குதித்தார். ஜட்ஜ் கண்ணாடிக்கு மேலாகக் குடத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

கூண்டில் ஏறுமுன் இருசப்பனின் வக்கீல் அவர் காதோரம் குனிந்து சொன்னதை நான் பின்னாலேயே நின்று கேட்டேன். “குடத்தைக் காட்டிக் கேட்டா ஞாபகம் இல்லைன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். ஆர்டர் நம்ம பக்கம்.”

அது உண்மை. ஞாபகம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால், வெட்டிய பேர் வெறும் பேர். யார் எப்போது வெட்டினார்களோ என்று குடத்தை ஓரமாக வைத்துவிடுவார்கள். அம்சா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கோதண்டராமன் குடத்தைக் கூண்டின் விளிம்பில் வைத்தார். “இது யாருடையது?”

இருசப்பன் குனிந்து பார்த்தார். குடத்தின் கழுத்தைத் தடவினார். அடியில் ஒரு நெளிசல் இருந்தது, அங்கே விரல் நின்றது.

“கெணத்துல போட்டு நெளிச்சா. ஏழு வயசு அப்போ,” என்றார் தனக்குள் பேசுகிற மாதிரி.

“யார் கொடுத்தது?”

எதிர்க்கட்சி வக்கீல் கனைத்தார். இருசப்பன் அவரைப் பார்த்தார். பிறகு வராந்தாவில் நின்ற குப்பத்தைப் பார்த்தார்.

“நான்தாங்க குடுத்தேன். மாமன் சீரு. இதே செங்கல்பட்டு பஜார்ல வாங்கி, பேரு வெட்டி, தலைல வெச்சுக்கினு மேளத்தோட எடுத்துக்கினு போனேன். என் மடில உக்கார வெச்சுத்தான் இவளுக்குக் காது குத்தினாங்க. பதினோரு மாசக் கொழந்த. ஆசாரி ஊசிய எடுத்தவுடனே என் வேட்டிய நனைச்சுட்டா.”

கோர்ட் சிரித்தது. அவரும் சிரித்தார். அம்சா சிரிக்கவில்லை.

ஜட்ஜ் குடத்தைத் தன் மேஜைக்கு வரவழைத்து எழுத்தைப் படித்தார். தேதியை உரக்கப் படித்தார். “இந்தத் தேதி சரியா?”

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க ஐயா. காது குத்தின அன்னி தேதியத்தான் போடச் சொன்னேன். சீருல யாராச்சும் பொய் எழுதுவாங்களா?”

“நீங்க சொல்றது என்னன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? இது சரின்னா இவளுக்கு இருபத்தொண்ணு முடிஞ்சாச்சு. நீங்க கார்டியன் இல்ல. இந்தப் பொண்ணு மேல உங்களுக்கு எந்த அதிகாரமும் இல்ல.” ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். “யோசிச்சு சொல்லுங்க. உங்க தங்கச்சிக்கு மூத்த குழந்தை ஏதாவது இருந்து, இந்தக் குடம் அதுக்குக் குடுத்ததா இருக்குமா?”

தப்பிக்க ஜட்ஜே கதவைத் திறந்துவிட்டார். இருசப்பனின் வக்கீல் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். ஆமாங்க என்று ஒரு சொல். அவர் தங்கை செத்துப் பல வருஷம் ஆயிற்று, யார் வந்து இல்லை என்று சொல்லப்போகிறார்கள்?

இருசப்பன் அம்சாவைப் பார்த்தார்.

“என் தங்கச்சிக்கு ஒரே பொண்ணுங்க,” என்றார்.

மனு தள்ளுபடி ஆயிற்று. குப்பத்து ஆட்கள் சத்தமில்லாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். இருசப்பன் யாரையும் பார்க்காமல் முன்னால் போனார். அம்சா கொஞ்ச தூரம் பின்னால் ஓடிப்போய் நின்றுவிட்டாள். கடைசியில் என் ஆபீசுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். ஜெயித்தவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. கோதண்டராமன் என்னை ஒரு வாரம் திட்டினார். ஃபீஸ் வாங்க மறந்துவிட்டதாகப் பிறகு சொன்னார். அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

டெலிபோன் ஆபீசுக்கு யாராவது மொட்டைக் கடுதாசி போடும் வரைக்கும் அவள் காத்திருக்கவில்லை. தீர்ப்பு நகலை வாங்கித் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். செப்டம்பர் கடைசியில் இரண்டு வரி உத்தரவில் வேலை போயிற்று. அம்சாவின் பின்கதையையும் சொல்லிவிடுகிறேன். மாமல்லபுரத்தில் புதிதாக வந்த ஒரு லாட்ஜில் டெலிபோன் போர்டு பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். அங்கே சேர்ந்தாள், பல வருஷம் இருந்தாள். அப்பாவின் சவுக்குத் தோப்பில் ஓர் அறை கட்டிக்கொண்டாள், அதே பூட்டோடு. முப்பது வயசில் தனக்குப் பிடித்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தபோது, “இதுக்கு யாரும் எனக்குப் பாடம் சொல்லிக் குடுக்கலை சார்,” என்று என் காதில் சொன்னாள். ஆனால் நான் அடிக்கடி நினைப்பது அதை அல்ல, அந்த அக்டோபர் மாதத்து ஒரு நாளை.

குடம் கோர்ட்டிலேயே இருந்தது. சான்றுப் பொருள். அப்பீல் காலம் முடிந்த பிறகுதான் திரும்ப வாங்க முடியும். அதற்கான காகிதங்களில் அம்சாவிடம் கையெழுத்து வாங்கி, ரெக்கார்டு ரூமிலிருந்து குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், வராந்தாவில் இருசப்பன். எத்தனை நாளாக வந்து போய்க்கொண்டிருந்தாரோ தெரியாது.

“குமாஸ்தா ஐயா, அத என்கிட்ட குடுங்க. நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்.”

கொடுக்கக் கூடாது. கொடுத்தேன்.

தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். ராட்டினங்கிணறு வரைக்கும் இருவரும் நடந்தே போனோம். குடத்தின் வயிற்றில் கோர்ட் ஒட்டிய நம்பர்ச் சீட்டு அப்படியே இருந்தது. அவருடைய பெரிய கை அதை மறைத்திருந்தது. வேலை போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது அம்சாவுக்கு. கதவு திறந்திருந்தது. உள்ளே பாயில் உட்கார்ந்து, விண்ணப்பம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

வேலை போயிற்றே, வீட்டுக்கு வந்துவிடு என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவளும் அதற்குப் பதிலைத் தயாராக வைத்திருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. இருசப்பன் வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றார். அந்தப் பெண் பிறந்ததிலிருந்து அவள் இருந்த எந்த வீட்டுக்குள்ளும் அவர் தயங்கி நின்றதில்லை. இந்த அறைக்கு வந்த மூன்று தடவையும் விறுவிறுவென்று உள்ளே போய் நின்றுதான் சத்தம் போட்டிருக்கிறார்.

“உள்ள வரட்டுமா அம்சா?” என்று கேட்டார்.

அவள் தயாராக வைத்திருந்த பதில் எங்கே போயிற்றோ தெரியாது. “வா மாமா,” என்றாள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் குடத்தை மூலையில் இறக்கினார். எழுத்து எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது. அம்சா போய்க் குனிந்து, பேர் வெட்டிய பக்கம் வாசலைப் பார்க்கும்படி அதைத் திருப்பி வைத்தாள்.